நியான் கண்ட இராம்சே

கண்ணாடிக் குழலுக்குள் தீயின் செந்நிறத்தில் எண்கள் ஒளிர்வதைச் சிலர் பார்த்திருக்கலாம். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பரோஸ் நிறுவனம் அத்தகைய குழல்களை நிக்ஸி என்னும் பெயரால் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம், அளவைக் கருவிகளிலும் கணக்கிடும் பொறிகளிலும் விடையை ஒளியால் எழுதிக் காட்டியவை அவ்வகைக் குழல்களே. 1970-களில் வேறு வகை ஒளியெண்கள் தோன்றி அவற்றின் இடத்தைக் கைப்பற்றின. ஆயினும், பழங்கருவிகளிலும் ஆர்வமுடையோர் கட்டும் கடிகாரங்களிலும் அவை இன்றும் சுடர் விடுகின்றன.

அக்குழலின் அமைப்பு எளியது, ஆனால் வியக்கத்தக்கது. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் கூட்டினுள், பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள எண்கள் மெல்லிய உலோகத்தால் செய்யப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றின் முன்னே நுண்ணிய உலோக வலை ஒன்று இருக்கும். கூட்டினுள் நியான் என்னும் வாயு மிகக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பப்பட்டிருக்கும். ஏறத்தாழ 170 வோல்ட்டு மின்னழுத்தத்தின் நேர்முனையை வலையோடும், எதிர்முனையை விரும்பிய எண்ணோடும் இணைத்தால், அவ்வெண்ணைச் சூழ்ந்துள்ள வாயு மட்டும் ஒளிரும். உலோகம் காய்ந்து சிவப்பதில்லை. அதைத் தழுவி நிற்கும் வாயுவே ஒளி தருகிறது. உருவங்கள் மெல்லியவை ஆதலால், முன்னிற்கும் எண் பின்னிற்கும் எண்ணை மறைப்பதுமில்லை.

இந்த நியான் நாம் நாள்தோறும் உள்ளிழுக்கும் காற்றிலேயே உள்ளது. ஆனால், நூறாயிரம் பங்கு காற்றில் அது இரண்டு பங்குக்கும் குறைவு. 1898-ஆம் ஆண்டுக்கு முன்னர் அப்படியொரு பொருள் உண்டென்பதை எவரும் கண்டாரில்லை. அதை வெளிப்படுத்தியவர் சர் வில்லியம் இராம்சே என்னும் இரசாயன அறிஞர். எண்களை ஒளிரச் செய்யும் வாயுவுக்கு அவரை வழிநடத்தியதும் ஓர் எண்ணே. இரண்டு எண்களுக்கு இடையே இருந்த மிகச் சிறிய வேறுபாட்டை அவர் புறக்கணிக்கவில்லை. அவருடைய வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடமும் அதுவேயாகும்.

இராம்சே 1852-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பொறியியல் வல்லுநர். இளமையில் இராம்சே கால்பந்து விளையாடியபோது கால் முறிந்து சில காலம் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. பொழுது போக்குவதற்காக அவர் கிரகாம் என்பார் இயற்றிய இரசாயன நூலைக் கையில் எடுத்தார். வாணவேடிக்கைப் பொருள்களைச் செய்யும் முறையை அறிய வேண்டும் என்பதே அப்போது அவருடைய நோக்கமாக இருந்தது. வேடிக்கையாகத் தொடங்கிய அந்தப் படிப்பு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், அவர் ஜெர்மனி சென்று டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, 1872-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிக் கிளாஸ்கோவில் பணியாற்றினார். 1880-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராகி, அடுத்த ஆண்டிலேயே அக்கல்லூரியின் தலைவரானார். 1887-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. கண்ணாடியைத் தீயில் இளக்கி ஊதி, வேண்டிய வடிவில் கருவிகளை ஆக்குவதில் அவர் கைதேர்ந்தவர். தம் ஆராய்ச்சிக்குத் தேவையான குழல்களையும் குமிழ்களையும் பெரும்பாலும் தாமே செய்துகொண்டார். கல்வியில் உயர்ந்த ஒருவர் கைத்தொழிலை இழிவாகக் கருதாமையால் விளைந்த நன்மையைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்தில் ராலே பிரபு என்னும் இயற்பியல் அறிஞர் வாயுக்களின் எடையை மிக நுட்பமாக அளந்துவந்தார். காற்றிலிருந்து பிராணவாயு முதலியவற்றை நீக்கினால் எஞ்சுவது நைட்ரஜன் என்று அனைவரும் எண்ணியிருந்தனர். அவ்வாறு பெற்ற நைட்ரஜன் ஒரு லிட்டர் 1.2572 கிராம் எடை இருந்தது. அம்மோனியா முதலிய பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜனோ 1.2505 கிராமே இருந்தது. வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்குதான். வேறொருவராயின், அளவையில் நேர்ந்த பிழை என்று அதைத் தள்ளிவிட்டிருப்பர். ராலே அங்ஙனம் செய்யவில்லை. மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்த்தார், வேறுபாடு மாறவில்லை. காரணம் கூறுமாறு அவர் இரசாயன அறிஞர்களை வேண்டினார். 1894-இல் அவ்வாராய்ச்சியை மேற்கொள்ள முன்வந்தவர் இராம்சே.

செஞ்சூடாக்கிய மக்னீசியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனை இராம்சே அதன்மீது பன்முறை செலுத்தினார். வாயுவின் அளவு குறைந்துகொண்டே வந்தது. இறுதியில், எவ்வளவு முயன்றும் உறிஞ்சப்படாத சிறிதளவு வாயு எஞ்சி நின்றது. அது பிராணவாயுவோடும் சேரவில்லை, உலோகத்தோடும் சேரவில்லை. எதனோடும் கூடாத அவ்வாயுவுக்குச் சோம்பல் உடையது என்னும் பொருள்பட ஆர்கான் எனக் கிரேக்க மொழியில் பெயரிட்டனர். உண்மையில், 1785-ஆம் ஆண்டிலேயே காவெண்டிஷ் என்னும் அறிஞர் தம் சோதனையின் முடிவில் அத்தகைய சிறு குமிழி ஒன்று எஞ்சியதைக் குறித்து வைத்திருந்தார். நூறாண்டுகளுக்கு மேலாக அக்குமிழியைப் பொருட்படுத்துவார் எவருமில்லை.

புதிய வாயுவை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை வகுத்த ருஷ்ய அறிஞர் மெண்டலீவே, அது நைட்ரஜனின் மற்றொரு வடிவமாக இருக்கலாம் என ஐயுற்றார். அவருடைய அட்டவணையில் ஆர்கானுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒன்றை உண்மை என்று நிலைநாட்டும் பொறுப்பு இராம்சேயின் மேல் விழுந்தது.

வாயுக்களை இனங்காண்பதற்கு அவருக்குத் துணை நின்றது, இன்றைய ஒளியெண் குழலுக்கு முன்னோடியான வெற்றிடக் குழலேயாகும். சிறு கண்ணாடிக் குழலில் வாயுவைச் சிறிதளவே விட்டு மின்சாரம் பாய்ச்சினால், விரைந்தோடும் மின்துகள்கள் மோதுவதால் வாயுவின் அணுக்கள் ஒளியை உமிழும். அவ்வொளியை நிறமாலைகாட்டியின் வழியே நோக்கினால் வண்ணக் கோடுகள் தோன்றும். ஒரு வாயுவின் கோடுகள் மற்றொன்றுக்கு வாரா. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, வாயுவுக்கு அக்கோடுகள் அப்படி.

1895-இல், கிளீவைட்டு என்னும் கனிமத்திலிருந்து வெளிப்பட்ட வாயுவை இராம்சே குழலில் இட்டு ஆராய்ந்தபோது, முன்னர் எந்த வாயுவிலும் காணாத மஞ்சள் நிறக் கோடு ஒன்று பளிச்சிட்டது. 1868-ஆம் ஆண்டில் கதிரவன் ஒளியில் வானியலார் கண்ட கோடும் அதுவும் ஒன்றே. கதிரவனில் மட்டும் உள்ளதாகக் கருதப்பட்ட ஹீலியம் இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின் நிலவுலகிலும் கிடைத்தது.

ஹீலியத்தின் அணு எடை 4. ஆர்கானின் அணு எடை 40. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால், இடையே 20 என்னும் எடையுடைய உறவு ஒன்று இருத்தல் வேண்டும் என்று இராம்சே கணித்தார். 1897-இல் கானடா நாட்டின் டொராண்டோ நகரில் கூடிய அறிஞர் பேரவையில் அதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். சொன்னவர் காட்டியாக வேண்டும் அல்லவா? அவரும் அவருடைய துணைவர் டிராவெர்சும் எண்ணற்ற கனிமங்களைச் சுட்டுப் பார்த்தனர், விண்கற்களை ஆராய்ந்தனர், வெந்நீர் ஊற்றுகளின் வாயுக்களையும் சோதித்தனர். எங்கும் அது அகப்படவில்லை.

அந்நாளில் காற்றைக் கடுங்குளிரால் திரவமாக்கும் முறை கைகூடியிருந்தது. 1898-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராம்சேக்குத் திரவக் காற்றுக் கிடைத்தது. அதை மெல்ல மெல்ல ஆவியாக விட்டு, இறுதியில் எஞ்சியதை ஆராய்ந்து கிரிப்டான் என்னும் கனமான வாயுவைக் கண்டனர். பின்னர், சேர்த்து வைத்திருந்த ஆர்கானைக் குளிரூட்டித் திரவமாக்கி, அதிலிருந்து முதலில் ஆவியாகி எழும் இலேசான பகுதியைத் தனியே பிடித்தனர். ஜூன் மாதத்தில் ஒருநாள் அதைக் குழலில் விட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினர். அதுவரை எந்தக் குழலிலும் காணாத செவ்வொளி பொங்கி எழுந்தது. கருவி கொண்டு நோக்குமுன்னரே அது புதியது என்பதைக் கண்கள் உணர்ந்தன. மலையிலும் மண்ணிலும் தேடிய பொருள் மூச்சுக் காற்றிலேயே மறைந்திருந்தது.

அதற்குப் பெயர் சூட்டியதில் ஒரு சிறுவனுக்கும் பங்குண்டு. இராம்சேயின் மகன் வில்லிக்கு அப்போது வயது பதின்மூன்று. புதியது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அதை அழைக்கலாம் என அவன் கூறினான். தந்தையார் அக்கருத்தை ஏற்று, அதே பொருள் தரும் கிரேக்கச் சொல்லால் நியான் எனப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே செனான் என்னும் மற்றொரு வாயுவும் கண்டறியப்பட்டது. மெண்டலீவின் அட்டவணையில் ஒரு புதிய வரிசையே திறந்தது. மெண்டலீவும் அதை மனமுவந்து ஏற்றார்.

புகழ் இராம்சேயை நாடி வந்தது. 1902-இல் சர் பட்டமும், 1904-இல் இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசும் பெற்றார். அதே ஆண்டில் இயற்பியலுக்குரிய பரிசு ராலேக்குக் கிடைத்தது. இந்திய நாடும் இராம்சேக்குக் கடமைப்பட்டதே. ஜம்ஷெட்ஜி டாட்டா நிறுவ விரும்பிய ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி ஆலோசனை கூறுவதற்காக அவர் 1900-இல் இந்தியாவுக்கு வந்தார். பல இடங்களைப் பார்வையிட்டு, பெங்களூரே ஏற்ற இடம் எனப் பரிந்துரைத்தார். 1909-இல் அங்கே இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநராகப் பணியாற்றியவர், நியான் ஒளியை இராம்சேயுடன் இருந்து கண்ட டிராவெர்சே ஆவார்.

பெரியோரும் பிழைபடுதல் உண்டு. செம்பு, ரேடியத்திலிருந்து எழும் வாயுவின் ஆற்றலால் லித்தியமாக மாறியது என்று 1907-இல் இராம்சே அறிவித்தார். மேரி கியூரி அம்மையார் கண்ணாடிக்கு மாறாகப் பிளாட்டினக் கலங்களில் அச்சோதனையைச் செய்து பார்த்தபோது லித்தியம் தோன்றவில்லை. அது கண்ணாடிக் கலத்திலிருந்து கரைந்து வந்தது போலும். கண்ணாடியைத் தம் கைக்கு அடங்கச் செய்தவரைக் கண்ணாடியே ஏமாற்றியது. எனினும், அவர் ஊக்கம் தளரவில்லை. 1910-இல், ரேடான் என்று இன்று வழங்கும் அதே வாயுவை, ஒரு கன மில்லிமீட்டர் அளவும் நிரம்பாத நிலையில் நிறுத்துக் காட்டினார். அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மிகச் சிறிய எண்ணில் தொடங்கிய ஆராய்ச்சி, மிகச் சிறிய எடையை அளப்பதில் நிறைவுற்றது. புற்றுநோயால் வருந்திய அவர், 1916-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், தமது 63-ஆம் வயதில் மறைந்தார்.

பயனற்ற சோம்பல் வாயுக்கள் எனப்பட்ட அவை பின்னர் உலகுக்கு ஒளி தந்தன. 1910-இல் பிரான்சு நாட்டு அறிஞர் ஜார்ஜ் குளோது பாரிசில் நியான் விளக்குகளை ஏற்றிக் காட்டினார். கண்ணாடிக் குழல்கள் எழுத்து வடிவில் வளைக்கப்பட்டு, கடைவீதிகளில் பெயர்ப் பலகைகளாக ஒளிர்ந்தன. பின்னர் எண்களைக் காட்டும் குழல்கள் வந்தன. அங்கே நியானின் சோம்பலே சிறப்பாயிற்று. பிராணவாயு போன்ற வாயு ஒன்று குழலில் இருப்பின், உலோக எண்களோடு கூடி அவற்றைக் கெடுத்துவிடும். நியானோ எதனோடும் கூடாமல், ஆயிரக்கணக்கான மணி நேரம் தன்னிலை மாறாது நின்று ஒளி வழங்கியது. குறையெனக் கருதப்பட்ட இயல்பே நிறையாக முடிந்தது.

புள்ளிக்குப்பின் மூன்றாம் இடத்தில் இருந்த ஓர் எண்ணை ராலே தள்ளிவிட்டிருந்தால், அல்லது எஞ்சிய சிறு குமிழியை இராம்சே வெளியே விட்டிருந்தால், காற்றில் கலந்திருந்த அந்தச் செவ்வொளி இன்னும் நெடுநாள் இருளிலேயே கிடந்திருக்கும். கணக்கில் விடை சிறிது வேறுபட்டால் அதை அழித்து எழுத நம் கை விரைகிறது. அழிக்கும் முன், அது ஏன் வேறுபட்டது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. சிறு வேறுபாட்டையும் மதித்து, அதன் காரணம் தெளியும்வரை அயராது உழைத்தவர் இராம்சே. அவர் கண்ட வாயு குழலுக்குள் எழுதிக் காட்டும் ஒவ்வோர் எண்ணும் அவ்வுழைப்பின் சான்றாக ஒளிர்கிறது.