நீரை அளந்த ஆசிரியை

என் அண்ணனின் பேத்தி சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகப் பாடத்துக்கான ரெக்கார்டு நோட்டை எழுதிக்கொண்டிருந்தாள். குடிநீரில் உள்ள குளோரைடின் அளவைக் காண்பது அதில் ஒரு சோதனை. பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, மஞ்சளாக இருந்த நீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் கணத்தைக் குறித்து, வாய்பாட்டில் இட்டு விடை கண்டிருந்தாள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம். அவள் கண்ட அளவு அதற்கு வெகு கீழே இருந்தது. ஏற்கத்தக்கது என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள்.

அந்த ஊரின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்று கேட்டேன். அதைப் பாடத்தில் கேட்பதில்லை, சின்னத் தாத்தா என்றாள். பொருளாதாரப் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்ற வியப்பு அவள் முகத்தில் தெரிந்தது. உண்மையில் அது என் கேள்வி அன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி கேட்டது. அவருடைய பெயர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் 1842 டிசம்பர் 3 அன்று பிறந்தவர் அவர். தாய், தந்தை இருவரும் ஆசிரியப் பணி செய்தவர்கள். அவர் அவர்களுக்கு ஒரே பிள்ளை. இளமையில் வீட்டிலேயே கல்வி. பிறகு தந்தையின் மளிகைக் கடையில் உதவி, பள்ளியில் ஆசிரியர் வேலை, நோயாளிகளைக் கவனித்தல், வீடுகளைத் துப்புரவு செய்தல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்து கல்லூரிக்குப் பணம் சேர்த்தார். சுமார் 300 டாலர் சேர்ந்தபோது வயது 25. பெண்களுக்கென்று சில ஆண்டுகளுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த வாசர் கல்லூரியில் 1868-இல் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெற்றார். வானியலில் புகழ்பெற்ற மரியா மிட்செல் அங்கே அவருக்கு ஆசிரியை. ஆயினும் விண்மீன்களைவிட வேதியியலே அவரை ஈர்த்தது. மக்களுக்கு உடனே பயன்படும் அறிவு அதில் இருக்கிறது என்று அவர் கருதினார்.

எம்.ஐ.டி. என்று இன்று உலகமே அறிந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், அன்று பாஸ்டன் நகரில் வகுப்புகளைத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்த இளம் நிறுவனம். பெண்கள் எவரும் அங்கே படித்ததில்லை. எல்லனைச் சிறப்பு மாணவியாகச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் வேண்டாம் என்றார்கள். வறுமையை எண்ணிக் காட்டிய சலுகை என்றே அவர் நினைத்தார். எவரேனும் ஆட்சேபித்தால் இவர் எங்கள் மாணவியே அல்ல என்று சொல்லிக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. கட்டணம் வாங்காததால் பெயர் பதிவேட்டில் ஏறாது. பொருளியல் படித்தவனுக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி: இலவசம் என்பது எப்போதும் கொடை அல்ல, சில வேளைகளில் அது உரிமையை மறுக்கும் வழி.

ஆய்வகத்தில் அவர் சண்டையிடவில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் கைவசம் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சிறு தேவைகளைக் கவனித்தபடியே தம் சோதனைகளையும் செய்தார். அது பணிவா, உத்தியா என்று இன்றும் விவாதிக்கலாம். விளைவு தெளிவானது. 1873-இல் அந்நிறுவனத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டில் வாசர் கல்லூரியும் முதுகலைப் பட்டம் அளித்தது. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

1875-இல் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். தேனிலவுப் பயணமாக அவர்கள் சென்றது கனடாவின் நோவா ஸ்கோஷியா சுரங்கங்களுக்கு. கணவரின் வகுப்பு மாணவர்களும் உடன் சென்றார்கள். மறு ஆண்டில், பாஸ்டன் மகளிர் கல்விச் சங்கத்தின் பொருளுதவியோடு எம்.ஐ.டி.யில் பெண்களுக்கென ஓர் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே எல்லன் ஊதியமின்றிக் கற்பித்தார். ஆண்டுதோறும் தம் கைப்பணத்தையும் கொடுத்தார். பெண்களும் முறையான மாணவர்களாகச் சேரலாம் என்ற நிலை வந்தபின் 1883-இல் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. நோக்கம் நிறைவேறியதில் அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் செய்துவந்த வேலை கையைவிட்டுப் போயிற்று.

அடுத்த ஆண்டே புதிய வாயில் திறந்தது. 1884-இல் எம்.ஐ.டி. சுகாதார வேதியியலுக்கென ஓர் ஆய்வகத்தை நிறுவி, அவரைப் பயிற்றுநராக நியமித்தது. 1911 மார்ச் 30 அன்று, 68-ஆம் வயதில் மறையும் வரை, 27 ஆண்டுகள் அவர் வகித்த பதவி அதுதான். பேராசிரியர் என்ற பெயர் அவருக்கு வரவே இல்லை.

அந்நாளில் நியூ இங்கிலாந்தின் ஆறுகள் தொழில் நகரங்களின் சாக்கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. மேலே உள்ள நகரம் கழிவை விட்ட ஆற்றிலிருந்து கீழே உள்ள நகரம் குடிநீர் எடுத்தது. ஆண்டுதோறும் டைபாய்டு பரவியது. உள்நாட்டு நீர்நிலைகளின் தூய்மையைக் காக்க 1886-இல் மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. மறு ஆண்டில் மாநிலச் சுகாதார வாரியம், அதுவரை எங்கும் நடந்திராத அளவில் நீர்நிலைகளின் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பேராசிரியர் தாமஸ் டிரௌன் அதற்குப் பொறுப்பாளர். ஆய்வகத்தை நாள்தோறும் நடத்தியவர் எல்லன். ஈராண்டுகளில் மாநிலம் முழுவதிலுமிருந்து வந்த சுமார் 20,000 நீர் மாதிரிகள் அங்கே சோதிக்கப்பட்டன.

என் அண்ணன் பேத்தியிடம் நான் கேட்ட கேள்வி அந்தச் சோதனைக் கூடத்தில்தான் உருப்பெற்றது. நீரில் உப்பு இருப்பது குற்றம் அன்று. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. மழை அதை மண்ணில் சேர்க்கிறது. ஆகவே கடலோரத்துக் கிணற்றில் குளோரைடு மிகுதியாகவும், உள்நாட்டு மலைப்பகுதி ஓடையில் மிகக் குறைவாகவும் இருப்பது இயல்பு. ஆனால் மனிதர் வாழும் இடத்தில் உப்பு வேறொரு வழியிலும் நீரைச் சேர்கிறது. நாம் உண்ணும் உப்பு சிறுநீராக வெளியேறிச் சாக்கடையில் கலக்கிறது. மண் பல அழுக்குகளை வடிகட்டிவிடும். குளோரைடை அது பிடித்து வைப்பதில்லை. எனவே இயல்பான அளவுக்கு மேல் காணும் ஒவ்வொரு துளி உப்பும், கழிவுநீர் எங்கோ கலந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகலாம்.

இயல்பான அளவு எது? அதை அறிய மனிதர் கைபடாத நீர்நிலைகளின் குளோரைடு அளவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரே அளவுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார்கள். கோடுகள் கடற்கரையை ஒட்டியே வளைந்து சென்றன. மேற்கே செல்லச் செல்ல அளவு படிப்படியாகக் குறைந்தது. இயல்புக் குளோரின் வரைபடம் என்று அது புகழ்பெற்றது. அதன் பிறகு ஒரு கிணற்றின் நீரைச் சோதிப்பவர், வரைபடத்தில் அந்த ஊர்க்கோட்டைப் பார்த்து, கிடைத்த எண்ணிலிருந்து இயல்பைக் கழித்தால் போதும். மீதி நிற்பது மனிதரின் கணக்கு.

இதைப் படித்தபோது நான் திகைத்தேன். ஒரு திட்டத்தின் பயனை மதிப்பிட, அத்திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை முதலில் அறிய வேண்டும் என்று பொருளியல் வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஒப்பிட அடிப்படை இல்லாத எண் ஊமை. அதே பாடத்தை ஒரு வேதியியலாளர் கிணற்று நீரைக் கொண்டு நடத்தியிருக்கிறார். 250 என்ற வரம்பு பெரும்பாலும் நாவின் சுவையைக் கருதி வகுத்தது. இயல்பாக 20 இருக்க வேண்டிய கிணற்றில் 90 இருந்தால், வரம்புப்படி அது ஏற்கத்தக்கது. எல்லன் வழியில் பார்த்தால், பக்கத்தில் கழிவுத்தொட்டி கசிகிறதா என்று உடனே தேட வேண்டியது.

1890-இல் எம்.ஐ.டி. சுகாதாரப் பொறியியலுக்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுத்தபோது, அம்மாணவர்களுக்கு நீரையும் கழிவுநீரையும் காற்றையும் பகுத்தாயக் கற்பித்தவர் எல்லன். குழாய் பதிக்கவும் அணை கட்டவும் கற்கும் பொறியாளர், அந்தக் குழாயில் ஓடுவது என்ன என்பதையும் கையால் அளந்து அறிந்திருக்க வேண்டும் என்ற கொள்கை இளநிலைப் பாடமாக உருப்பெற்ற தொடக்க இடங்களில் அது ஒன்று. அதே காலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையிலுள்ள லாரன்ஸ் நகரில் மாநில வாரியத்தின் சோதனை நிலையம் இயங்கியது. அங்கே கண்டறிந்தவற்றைக் கொண்டு 1893-இல் அமைத்த மணல் வடிகட்டி, அந்நகரின் டைபாய்டு மரணங்களைப் பெரிதும் குறைத்தது. அந்நிலையத்தின் தலைவராக இருந்த ஆலன் ஹேசன் எம்.ஐ.டி.யில் வேதியியல் பயின்றவர். குழாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் வாய்பாட்டை நம் சிவில் பொறியியல் மாணவர் அனைவரும் அறிவர். அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு வேதியியல் ஆய்வகம் இருப்பதைப் பலர் அறியார்.

எல்லனின் பார்வை ஆற்றோடு நிற்கவில்லை. ஜமைக்கா பிளெயினில் இருந்த தம் வீட்டையே சோதனைக்கூடமாக்கி, ஈயக் குழாய்களை அகற்றினார், காற்றோட்டத்தைச் சீர்செய்தார். கடைப் பொருள்களின் கலப்படத்தை ஆராய்ந்தார். வீடும் வீதியும் ஆறும் ஒரே தொடர் என்பது அவர் எண்ணம். சூழல் பற்றிய இந்த அறிவுக்கு, கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் ஆக்கியிருந்த பெயரை 1892-இல் பாஸ்டனில் அவர் முன்மொழிந்தார். அந்தப் பெயரை உயிரியலார் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார்கள். அதுவே இன்றைய ஈகாலஜி. அவருக்கு எஞ்சியது மனையியல். 1899 முதல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் அவர் கூட்டிய மாநாடுகளிலிருந்து அமெரிக்க மனையியல் சங்கம் தோன்றியது; அதன் முதல் தலைவரும் அவரே.

அவர் தவறாதவர் அல்லர். 1890-இல் பாஸ்டனில் ஏழைத் தொழிலாளருக்கென அவர் தொடங்கிய சமையற்கூடத்தில் சத்தும் செலவும் துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருந்தன. ஆனால் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறியவர்களுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை. உணவுக்கும் ஓர் இயல்பு அளவு உண்டு, அது உண்பவரின் நாவில் இருக்கிறது என்பதை அவருடைய கணக்கு கவனிக்கவில்லை.

இவ்விடத்தில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். நான் பணியாற்றிய கல்லூரியில் மனையியல் துறை ஒன்று இருந்தது. ஆசிரியர் அறையில் அதைச் சமையல் வகுப்பு என்று கேலி பேசியவர்களுள் நானும் ஒருவன். எகனாமிக்ஸ் என்ற சொல்லின் வேர் வீடு என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் விளக்கிவிட்டு, வீட்டைப் பாடமாகக் கொண்டவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தத் துறையைத் தோற்றுவித்தவர் ஆற்று நீரை அளந்த பொறியாளர்களின் ஆசிரியை என்பதை ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன். அந்தச் சக ஆசிரியைகளிடம் வருத்தம் தெரிவிக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஒருவருடைய வாழ்வில் ஒன்றாக இருந்த அறிவு அவருக்குப் பின் இரண்டாகப் பிளந்தது. குழாயும் வடிகட்டியும் பொறியியல் ஆயின. ஆண்கள் அதற்கு உரியவர் ஆனார்கள். அடுப்பும் தண்ணீர்ப் பானையும் மனையியல் ஆயின; அவை பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. அந்தப் பிளவின் தடம் இன்றைய பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ஆய்வகக் குழாயில் பிடித்த நீரைச் சோதித்து, வரம்புக்குக் கீழே என்று எழுதி மதிப்பெண் பெற முடிகிறது. அந்த நீர் யார் வீட்டில் குடிக்கப்படுகிறது, எங்கிருந்து வந்தது, அங்கே இயல்பு எது என்று கேட்காமலேயே ஒருவர் பொறியாளர் ஆகிவிட முடிகிறது. புதிய கருவிகள் வாங்காமலே இதை மாற்றலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நீரையும், ஊருக்கு வெளியே மனை எழாத இடத்து நீரையும் கொண்டுவரட்டும். ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் நூற்றிருபது புள்ளிகள். சில ஆண்டுகளில் மாவட்டத்துக்கே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

விடுமுறை முடிந்து அவள் புறப்பட்ட அன்று பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர். மற்றதில் ஊர் எல்லைக்கு அப்பால், தோட்டக் கிணறு ஒன்றிலிருந்து காலையில் அவளே இறைத்த நீர். இரண்டிலும் இடமும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தாள்.