ஆய்லரும் அம்பும் என் அரியரும்



ஆய்லர் ஃபார்முலா என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் இரண்டு தடவை விழுந்தவன் நான். அந்த ஆய்லர் யார், எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஓர் அம்பு. வில்வித்தை பழகும் ஹாஸ்டல் நண்பன், தான் விட்ட அம்பை செல்போனில் ஸ்லோ மோஷனில் காட்டினான். நேரா போகும்னு நினைச்சா, விலாங்கு மீன் மாதிரி நெளிந்துகொண்டே போய் மஞ்சள் வட்டத்தில் குத்தியது! சாரிடம் ஓடினேன். அவர் சிரித்தபடி போர்டில் எழுதியது அதே ஃபார்முலாதான். அன்று லைப்ரரிக்குப் போனேன்.

லியோனார்ட் ஆய்லர் 1707-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். 13 வயதில் பல்கலைக்கழகத்தில் நுழைந்த பையனுக்கு, சனிக்கிழமை தோறும் சந்தேகம் தீர்த்தவர் கணித மேதை யோஹான் பெர்னூலி. 20 வயதில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போனார். 1738-ல் வலது கண் பார்வை போனது. மனுஷன் அசரலை. 1741-ல் பெர்லின் சென்று, 1744-ல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில், மெல்லிய கம்பி எப்படி வளையும், எந்தப் பாரத்தில் தூண் நெளியும், கம்பி எப்படி அதிரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அம்புக்கும் இதுதான் கதை. பின்னாலிருந்து நாண் தள்ளுது. முன்னால் கனமான முனை நகர மறுக்குது. நடுவில் மாட்டிய தண்டு, பாரம் தாங்காத தூண் போல வளைகிறது. அந்த வளைவால்தான் அம்பு வில்லில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. ரொம்ப விறைப்பாக இருந்தாலும் தப்பு, ரொம்பத் துவண்டாலும் தப்பு. தண்டின் நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் கால் பங்கு. விட்டம் இரண்டு மடங்கானால் 16 மடங்கு. நாணை விட்டதும் அம்பு தன்னிச்சையாக அதிர்கிறது. சீரான கம்பியில் இரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் தள்ளியுள்ள இரண்டு புள்ளிகள் மட்டும் ஆடுவதில்லை. முனை கனமான அம்பில் முன்புள்ளி இன்னும் முன்னால் நகரும்.

1766-ல் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய ஆய்லருக்கு மிச்சமிருந்த கண்ணையும் கண்புரை மறைத்தது. 1771-ல் ஆபரேஷன், சில நாள் தெரிந்த வெளிச்சமும் புண்ணாகிப் போயிற்று. அதே வருஷம் வீடும் தீப்பிடித்தது. 1773-ல் மனைவி இறந்தார். அப்படியும் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, மகன்களையும் உதவியாளர்களையும் எழுத வைத்தார். 1775-ல் மட்டும் சுமார் 50 கட்டுரைகள்! 1783 செப்டம்பர் 18-ல் காலமானார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. தையல் மெஷினில் உட்காரும் என் அப்பாவுக்கும் கண்புரை. பயந்துபோய் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டார். நானும் பேசாமல் இருந்தேன். ஆய்லர் காலத்தில் இல்லாத லென்ஸ் இன்று இருக்கிறதே! அடுத்த வாரமே கூட்டிட்டுப் போனேன். இப்போது ஊசியில் நூலை அவரே கோர்க்கிறார்.

என் அரியர் இன்னும் பாக்கி. இந்தத் தடவை ஆய்லர் கேள்வி வந்தால் சாய்ஸில் விடமாட்டேன் நண்பர்களே!