பாவா ஆதம் மலையேறிய பயணி

கண்டி மாநகரிலிருந்து கம்பளை, ஹற்றன் வழியாக நல்லதண்ணியை அடைந்து சிவனொளிபாதமலை ஏறுவோர் ஏராளம். 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சிவபெருமானுடையது எனச் சைவரும், புத்தபெருமானுடையது எனப் பௌத்தரும், ஆதம் நபியுடையது என முஸ்லிம்களும் கொள்வர். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு ஏறி, கண்டவற்றை அரபுலகுக்கு எடுத்துரைத்தவர் இப்னு பதூதா. அவரை அங்கு அனுப்பிவைத்தவர் ஒரு தமிழ் மன்னர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்ட அறிஞர்களின் குடும்பமொன்றில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல், 21 வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தனியாகப் புறப்பட்டார். மக்காவை அடைந்த பின்னரும் கால்கள் ஓயவில்லை. 1333இல் இந்துகுஷ் மலைக் கணவாயைக் கடக்க நேர்ந்தபோது, பனிக்கு அஞ்சிக் குந்தூஸ் பகுதியில் சுமார் 40 நாட்கள் காத்திருந்தார். பின்னர், ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்கக் கம்பளி விரிப்புகளை முன்னால் விரித்தவாறே சென்றனர். டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காதி நீதிபதியாக்கினார்; பிறகு சீனத்துக்குத் தூது அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் புயல் கப்பலை அழித்தது. வெறுங்கையுடன் டில்லி திரும்ப அஞ்சியவர் மாலைதீவை அடைந்து, அங்கும் நீதிபதியாகி, ஆட்சியாளருடன் பிணங்கி, 1344இல் வெளியேறினார். எங்கும் இணங்கிப் போகும் இயல்பினர் அல்லர் அவர்.

புத்தளத்தில் கரையிறங்கிய அவரை ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்றார். யெமன் வரை வணிகக் கப்பல்களை அனுப்பிய அம்மன்னர் பாரசீக மொழியைப் புரிந்துகொள்ளக்கூடியவர். மூன்று நாட்கள் விருந்தோம்பி, முத்துக்களைப் பரிசளித்து, வேண்டியதைக் கேட்குமாறு கூறினார். ஆதம் நபியின் பாதத்தைக் காண்பதன்றி வேறு விருப்பம் இல்லை என்றார் பயணி. உடனே பல்லக்கு வந்தது. ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், துணைவர் பத்துப் பேர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைந்து பேர் உடன் சென்றனர். இஸ்லாமியச் சட்ட அறிஞர் ஒருவருக்கு யோகியரும் பிராமணரும் வழித்துணை! அதனை வியப்புக்குரியதாக மன்னரும் எண்ணவில்லை, பயணியும் எண்ணவில்லை.

சிலாபம் வழியாகச் சென்ற குழு, சிங்கள மன்னரின் தலைநகரான குனகாரை அடைந்தது. அது குருநாகல் என்பர் சிலர். கம்பளை என்பர் வேறு சிலர். கம்பளையே எனின், கண்டிக்கு அண்மையிலுள்ள இலங்காதிலக, கடலாதெனிய விகாரைகள் எழுந்த காலம் அது. இரண்டும் 1344ஆம் ஆண்டுக்குரியவை. கடலாதெனியவை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். இலங்காதிலகவின் பாறையில் சிங்களத்துடன் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

குனகாருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உதுமானின் பள்ளிவாசல் இருந்தது. யாத்திரிகருக்கு மலைவழி காட்டியவர் இவரே. பசுவை அறுத்ததற்காக இவருடைய கையும் காலும் துண்டிக்கப்பட்டன. மரண தண்டனைக்குரிய அக்குற்றத்துக்கு அவர்மீதிருந்த மதிப்பினால் தண்டனை குறைக்கப்பட்டதாகவும், சந்தையொன்றின் வருமானம் அவருக்கு வழங்கப்பட்டதாகவும் இப்னு பதூதா பதிந்துள்ளார். கொடுமையும் மரியாதையும் ஒரே தீர்ப்பில் கலந்திருந்தன. ஆயினும், இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களைத் தம் இல்லங்களில் தங்கவைத்து, தம் பாத்திரங்களிலேயே உணவளித்ததைச் சொல்ல அவர் மறக்கவில்லை. இந்தியாவில் தாம் கண்டது வேறு என்றும் ஒப்பிட்டுள்ளார்.

மலைநாட்டு அட்டைகள் அன்றும் இருந்தன! மரங்களிலிருந்தும் புல்லிலிருந்தும் பாயும் அவற்றின்மீது பிழிவதற்கு யாத்திரிகர் தேசிக்காயை ஆயத்தமாக வைத்திருந்தனர். மலைக்கு இரு பாதைகள்: பாபா பாதை, மாமா பாதை, முறையே ஆதம், ஹவ்வா ஆகியோரைக் குறிப்பன. எளிதான மாமா பாதையால் சென்றவரை யாத்திரை செய்தவராகவே எவரும் கருதவில்லை. கடினமான பாபா பாதையில் படிகள் வெட்டப்பட்டு, பிடித்தேறப் பத்து இரும்புச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தன. பத்தாவது கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே நோக்குவோர் விழுந்துவிடும் அச்சத்தில் கலிமாவை மொழிவர் என்பதால் அப்பெயர். இப்னு பதூதா அதையும் கடந்தார். கிள்ர் நபியின் பெயரால் வழங்கிய குகையில் மூன்று நாட்கள் தங்கி, காலையும் மாலையும் பாதச்சுவட்டைத் தரிசித்தார். இறங்கியது மாமா பாதையால்.

புத்தளத்திலிருந்து புறப்பட்ட கப்பல் தமிழகக் கரையருகே தரைதட்டியபோது, படகுடன் வந்து காப்பாற்றியவர்கள் அக்கரையோர மக்கள். பின்னர் மலபார்க் கடலில் கடற்கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தனர். இலங்கையில் கிடைத்த முத்துக்களும் மணிகளும் அவற்றோடு போயின. பயணக் குறிப்புகளும் தப்பவில்லை. எனவே, 1355இல் நிறைவுற்ற பயண நூலைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே இப்னு ஜுஸய்யிடம் அவர் சொல்லி எழுதுவித்திருக்க வேண்டும். இறுதிக் காலத்தில் மொரோக்கோவில் நீதிபதியாகப் பணியாற்றிய அவர், 1368 அல்லது 1369இல் காலமானார் என்பது பொதுவான கருத்து. ஆரியச் சக்கரவர்த்தியின் பல்லக்கும் அந்த நான்கு யோகியரும் அவரது நூலில் உள்ளனர்.