ஜி.டி. நாயுடுவும் கருகிய மோட்டாரும்

ஹைட்ராலிக்ஸ் தேர்வில் ‘ஸ்பெசிஃபிக் ஸ்பீடு’ கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாகூர் பக்கம் நெல் வயலில் தேங்கிய மழைநீரை இறைக்க ஒரு விவசாயி யோசனை கேட்டார். அவரிடமிருந்த 5 குதிரைத்திறன் கிணற்று பம்பே போதும் என்றேன். சிறிது நேரத்தில் காயில் கருகிப் போச்சு, பயிரும் அழுகியது. தவறு என்னுடையதுதான். இந்த மாதிரி மோட்டாரை நம் நாட்டில் முதலில் செய்தவர் பள்ளிக்கூடமே சரியாகப் போகாதவர் என்று மெக்கானிக் சொல்லிச் சிரித்தார். அன்றுதான் ஜி.டி. நாயுடுவைப் படிக்கத் தொடங்கினேன்.

1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். ஓட்டியதோடு விடவில்லை, கழற்றி மாட்டிப் பார்த்துக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டினார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். பைக்காரா மின்சாரம் பரவிய காலம் அது. கவலை இறைத்த கொங்குக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் பம்பு வந்தது.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். நாலு போல் மோட்டார் நம் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்றுதான். வேகம் மாறாது, இம்பெல்லரின் வடிவம்தான் மாற வேண்டும். விநாடிக்கு 10 லிட்டரை 25 மீட்டர் தூக்குவதும், 100 லிட்டரை 2.5 மீட்டர் தூக்குவதும் ஒரே அளவு வேலை. ஆனால், கன மீட்டர் கணக்கில் ஸ்பெசிஃபிக் ஸ்பீடு முன்னதற்கு 13, பின்னதற்கு 229. முன்னது கிணற்றுக்கான சென்ட்ரிஃபியூகல் பம்பு. பின்னது விசிறி போன்ற ஆக்சியல் பம்பு. கிணற்று பம்பை வயலில் வைத்ததால், எதிர்ப்பு குறைந்து நீர் அளவுக்கு மீறிப் பாய, மோட்டார் பளு தாங்கவில்லை.

நாயுடு 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கி முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்காததால் விலகினார். 1974-ல் மறைந்தார்.

அவர் கட்சி முழுதும் சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் தம்பி, தங்கைகளே, கணக்கைப் போடும்போதே ஒரு பம்பைக் கழற்றி இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விவசாயியின் பயிராவது பிழைக்கும்.