வெறுங்காலோடு வந்த அடிகளார்

சீனத்தின் தாய்ச்சி பயில்வோர் முரட்டுப் பலத்தோடு முட்டுவதில்லை, வளைந்து கொடுப்பார்கள். உடல் அசையும்போதே மனம் அமைதி கொள்ளப் பழகுவார்கள். அதை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் யோசேவாஸ் அடிகளார். அவருக்குத் தாய்ச்சி தெரியாது. அவருக்குத் தெரிந்தது நடையும் செபமும்.

1651இல் கோவாவில் பிறந்த கொங்கணிக் குரு அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் கூலியாளின் உடையில், வெறுங்காலோடு யாழ்ப்பாணம் வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். எழுந்ததும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்க்கும் கண்களை வைத்தே தன் சனத்தைக் கண்டுகொண்டார். பூசைகள் இரவில், மறைவில் நடந்தன.

1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். அவர் வாதாடிக் களைக்கவில்லை. உள்ளேயிருந்தே சிங்களம் படித்தார். 1697இல் அம்மை பரவியபோது, சொந்தங்களே காட்டில் விட்டுப்போன நோயாளிகளைக் கழுவி, உணவூட்டினார். அதன்பின் அரசன் அவரைத் தடுக்கவில்லை. 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார்.

மடுவின் கதையும் இதே காலத்தது. ஒல்லாந்தருக்கு அஞ்சி, 1670இல் மாந்தைச் சனம் மாதா சிலையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனது. 2008இல் அதே சிலை மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனதை நாங்கள் அறிவோம்.

2015 சனவரி 14 காலை கொழும்பில் அடிகளாரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.