தீயிலிட்ட ஓவியங்கள்

1948 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் திகதி, பிரான்ஸில் 77 வயதான முதியவர் ஒருவர் சட்ட அதிகாரியொருவரின் முன்னிலையில் தமது 315 ஓவியங்களைத் தீயிலிட்டுச் சாம்பலாக்கினார். விற்றிருந்தால் பெருஞ்செல்வம் கிடைத்திருக்கும். ஆனால் அவை முற்றுப்பெறாதவை. எஞ்சிய ஆயுளில் தம்மால் அவற்றை முடிக்க இயலாது என அவர் கருதினார். அவர்தான் ஜோர்ஜ் ரூவோ. இருபதாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ ஓவியர்களுள் முதன்மையானவர் என்று பலராலும் மதிக்கப்படுபவர்.

1871 மே 27 ஆம் திகதி, பாரிஸ் நகர் எறிகணை வீச்சுக்கு இலக்காகியிருந்த வேளையில், நிலவறையொன்றில் பிறந்தார். தந்தை தளபாடத் தச்சர். பதினான்காவது வயதில், பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைச் செப்பனிடும் பட்டறையில் ரூவோ தொழில் பழகச் சேர்ந்தார். பிற்கால ஓவியங்களில் தடித்த கருங்கோடுகளுக்குள் நிறங்கள் தணலாய் ஒளிர்வதற்கு இந்தப் பட்டறையே வித்திட்டது எனலாம்.

பின்னர் குஸ்தாவ் மொரோவிடம் ஓவியம் கற்றார். 1898 இல் ஆசான் மறைந்தபோது ரூவோ நிலைகுலைந்தார். 1901 இல் லிகுஜே துறவியர் மடத்தில், எழுத்தாளர் உய்ஸ்மான்ஸைச் சூழ்ந்திருந்த சிறு குழுவினருடன் சில காலம் தங்கினார். மதச் சபைகளைக் கட்டுப்படுத்திய அவ்வாண்டின் சட்டம் அந்த முயற்சியைக் கலைத்துவிட்டது.

அங்கிருந்து திரும்பியவர் புனிதர்களையும் தேவதூதர்களையும் வரைவார் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவர் வரைந்ததோ விலைமாதரையும் கோமாளிகளையும் நீதிபதிகளையும். ஊரூராய்த் திரியும் வண்டியொன்றின் அருகே முதிய கோமாளியொருவர் தமது மினுங்கும் அங்கியைத் தைத்துக்கொண்டிருந்ததைக் கண்ட ரூவோ, பகட்டான ஆடைக்கும் அதனுள் மறைந்த துயருக்கும் இடையிலான இடைவெளியைத் தம்மிலும் எல்லா மனிதரிலும் உணர்ந்தார். பதவியின் ஆடையும் அத்தகையதே. நீதிமன்றங்களுக்குச் சென்று அவதானித்து அவர் தீட்டிய நீதிபதிகளின் முகங்கள், தண்டிக்கப்படுவோரின் முகங்களைவிட அதிக அச்சத்தைத் தருகின்றன. பிறரைத் தீர்ப்பிட மனிதனுக்கு என்ன தகுதி என்பதே அவரது விசுவாசம் எழுப்பிய கேள்வி. அவர் பெரிதும் மதித்த கத்தோலிக்க எழுத்தாளர் லெயோன் புளுவா இவ்வோவியங்களை அருவருப்பானவை எனக் கடுமையாகக் கண்டித்தார். ரூவோ தம் வழியை மாற்றவில்லை, நட்பையும் முறிக்கவில்லை. இரண்டாவதுதான் கடினமானது.

1912 இல் தந்தை இறந்தார். இரு ஆண்டுகளில் உலகப்போர் மூண்டது. அக்காலத்தில் வரையத் தொடங்கிய சித்திரங்களே ‘மிசரரே’ என்ற அச்சோவியத் தொடராக வளர்ந்தன. செப்புத் தகடுகளில் படங்களைப் பதித்து, பின் ஒவ்வொன்றையும் கையால் மீளமீளச் செதுக்கினார். அச்சுப்பணி 1927 இல் நிறைவுற்றபோதும் 58 படங்களும் நூலாக வெளிவந்தது 1948 இலேயே. போரில் மாண்டோர், தாய்மார், ஏழைகள் ஆகியோரின் நடுவே முட்கிரீட மனிதர் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார். வெற்றிக் களிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை. போரைக் கண்ட நம் நாட்டவருக்கு இப்படங்களை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பக்தியுள்ள ஓவியரைத் திருச்சபை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. பிரெஞ்சு மலைக்கிராமமான அஸியின் தேவாலயச் சாளரங்களுக்கு அவரது படைப்புகள் பெறப்பட்டபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார்.

தீயிட்ட கதைக்குத் திரும்புவோம். ஓவிய வணிகர் வொலார் 1917 இல் ரூவோவின் கூடத்திலிருந்த படைப்புகள் அனைத்தையும் மொத்தமாக வாங்கியிருந்தார். அவற்றை முடித்துக் கொடுப்பது ரூவோவின் பொறுப்பு. 1939 இல் வொலார் விபத்தில் இறக்க, வாரிசுகள் ஓவியங்களுக்கு உரிமை கோரினர். முடிவுறாத படைப்பு படைத்தவனுக்கே உரியது என வழக்காடி, 1947 இல் ஏறக்குறைய 700 ஓவியங்களை ரூவோ மீட்டார். மறு ஆண்டே அவற்றுள் 315 ஐ எரித்தார். குறையுள்ள காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்க மனம் ஒப்பாத பழங்கால விசுவாசியின் செயலாகவே இது எமக்குப் படுகிறது. வீண் பிடிவாதம் என்போரும் உளர்.

1958 பெப்ரவரி 13 ஆம் திகதி அவர் காலமானார். பிரெஞ்சு அரசு அரச மரியாதையுடன் இறுதிக்கிரியைகளை நடத்தியது. தீக்குத் தப்பிய, முற்றுப்பெறாத நூற்றுக்கணக்கான ஓவியங்களை 1963 இல் குடும்பத்தினர் அரசிடம் கையளித்தனர்.