தென்னை மரம்வரை பறந்த பந்து!

சென்னையில் கிரிக்கெட் பேசும் வீடுகளில் ஒரு கதை உண்டு.

1920-ம் ஆண்டு வாக்கில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம். நெடிதுயர்ந்த ஓர் இளைஞர் மட்டையை வீசினார். பந்து மைதானத்தைத் தாண்டிப் பறந்தது. வெளியே 50 கஜ தூரத்தில் நின்ற தென்னை மரத்தின் அருகே போய் விழுந்தது என்பார்கள்!

அந்த இளைஞர்தான் சி. கே. நாயுடு.

பூர்வீகம் ஆந்திரா. பிறந்தது நாகபுரியில், 1895 அக்டோபர் 31-ந் தேதி. தகப்பனார் வக்கீல்.

1916-ல் பம்பாயில் இந்துக்கள் அணிக்கு முதன் முதலாக ஆடினார். எதிரே ஐரோப்பியர் அணி. இந்துக்கள் 79 ரன்னுக்கு 7 பேரை இழந்து தவித்த நேரம். நாயுடு மூன்று பந்துகளைத் தடுத்தார். நாலாவது பந்து சிக்சர்!

11 சிக்சர்

1926 டிசம்பர் மாதம். ஆர்தர் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணி பம்பாய் வந்திருந்தது. அந்த அணியின் கை எர்ல் 8 சிக்சர் அடித்து 130 ரன் குவித்தார். வெள்ளைக்காரனைப் போல நம்மவர்களால் அடிக்க முடியுமா என்று எண்ணியவர்கள் பலர்.

மறுநாள் நாயுடு இறங்கினார். பந்து நாலாபக்கமும் பறந்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். மைதானத்தில் இடம் இல்லை. மரங்களிலும் மாடிகளிலும் ஏறி நின்று பார்த்தார்கள்.

116 நிமிடத்தில் 153 ரன். அதில் 11 சிக்சர்! எம்.சி.சி. அவருக்கு வெள்ளி மட்டை பரிசளித்தது.

இந்தியர்களும் சரிசமமாக ஆடுவார்கள் என்பதைக் கில்லிகன் கண்ணாரக் கண்டார். 1928-ல் இந்திய கிரிக்கெட் வாரியம் பிறந்தது. 1932-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட். கேப்டன் நாயுடு, வயது 36. 1934-ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டுக்கும் அவரே கேப்டன். அதில் தோல்விதான்.

இன்று ஆடியிருந்தால்?

அதிவேகச் செஞ்சுரி சாதனையை அவர் முறியடித்திருப்பாரா?

அந்தக் காலத்தில் வேகத்தைக் கடிகாரம் பார்த்துச் சொன்னார்கள். 1920-ல் இங்கிலாந்தின் பெர்சி ஃபெண்டர் 35 நிமிடத்தில் நூறு அடித்தார். பிற்பாடு பந்துகளை எண்ணும் வழக்கம் வந்தது. டெஸ்டில் 1986-ல் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் சதம் போட்டார். 2016-ல் மெக்கல்லம் 54 பந்தில் போட்டார். முப்பது வருஷத்தில் குறைந்தது இரண்டே பந்து! இருபது ஓவர் ஆட்டத்திலோ 2013-லேயே கெயில் 30 பந்தில் அடித்துவிட்டார். கனமான மட்டை, தலைக்கவசம், சுருங்கிய எல்லைக்கோடு எல்லாம் இப்போதைய ஆட்டக்காரருக்கு உண்டு. நாயுடுவுக்கு இவை ஒன்றும் இல்லை. கொடுத்திருந்தால், டெஸ்ட் சாதனைக்கு ஆபத்துதான் என்பது நம் எண்ணம்.

பல் போனாலும்

1923 முதலே இந்தூர் ஹோல்கர் மகாராஜா அவரை ஆதரித்து வந்தார். ஹோல்கர் அணிக்கு ஆடுகையில், ஐம்பது வயதைத் தாண்டிய நாயுடுவின் வாயில் பட்கரின் பந்து பட்டது. பற்கள் விழுந்தன. அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

61 வயதிலும் உத்தரப் பிரதேச அணிக்கு ரஞ்சி ஆட்டம் ஆடினார். வினு மங்கட் பெரிய பந்து வீச்சாளர். கிழவர் அவருடைய பந்தையும் சிக்சருக்குத் தூக்கினார்!

1967 நவம்பர் 14-ந் தேதி இந்தூரில் காலமானார்.